ஆச்சிக்கு ஒரு பரிசு: பத்தமடை முதல் மணப்பாடு வரை

தாமிரபரணிச் சீமையில் பிறந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்தப் பொருளை வாங்கவேண்டுமென்றாலும் அதற்கென்று ஓர் ஊர் இருக்கும். பாய் என்றால் பத்தமடை. கருப்பட்டி என்றால் உடன்குடி. வெற்றிலை என்றால் ஆத்தூர். ஓலைப்பெட்டி என்றால் மணப்பாடு. அல்வாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே, 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் தாயாரின் 85-ஆவது பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கும் பொறுப்பு நம் தலைமேல் வந்தபோது, ஒரே நாளில் இவ்வூர்களைச் சுற்றிவந்து காரியத்தை முடித்துவிடலாமென்று எண்ணினோம். எண்ணுவது எளிதாகவே இருந்தது.

நம் தாயார் தூத்துக்குடியில் நம் இளைய சகோதரரின் இல்லத்தில் வாழ்கின்றார். பேரப்பிள்ளைகள் எழுவர். கடைக்குட்டி ஒருத்தி பள்ளி மாணவியாக உடனிருக்க, ஏனையோர் சென்னை, பெங்களூரு, துபாய் எனத் திசைக்கொருவராய் இருக்கின்றனர். அவர்கள் தங்களுக்குள் பேசி, நல்லதொரு தொகையைத் திரட்டி நமக்கு அனுப்பிவிட்டனர். "சாமி பெரியப்பா, நாங்கள் வாங்கித் தந்தது எதையும் ஆச்சி தொடுவதே இல்லை. இந்த முறை நீங்கள் பார்த்து வாங்குங்கள். ஆச்சியின் மனது உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் மூத்தவள். தெரியும் என்றே நாமும் நம்பியிருந்தோம், 2023 டிசம்பர் வரையில்.

அம்மாதம் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. நம் தாயாரை எதிர்வீட்டு மாடிக்குத் தூக்கிச் சென்று காப்பாற்றினார்கள். அவருடைய கட்டிலுக்கு அடியில் இருந்தவற்றைத் தூக்குவார் இல்லை. நீர் வடிந்தபின் நாம் போய்ச் சேர்ந்து, சேறு படிந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் வைத்தோம்.

பத்தாண்டுகளாக வந்த பரிசுகள் அத்தனையும் அங்கே இருந்தன. சுடுநீர்க் குடுவைகள் நான்கு. கால் பிடித்துவிடும் மின்கருவி ஒன்று. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகள் இரண்டு. கைக்கடிகாரம், கைவிளக்கு, வாசனைத் தைலங்கள். வழவழப்பான அடிப்பாகம் கொண்ட வெளிநாட்டுச் செருப்பு ஒரு சோடி. அதை அவர் ஒரே ஒருநாள் அணிந்து, குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு தப்பியது இறைவன் செயல். இவற்றுக்கெல்லாம் மேலாகப் பொன்னாடைகள் பதினொன்று! தூத்துக்குடி வெக்கையில் ஒரு மூதாட்டி பதினொரு பொன்னாடைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இதைப் பேரப்பிள்ளைகள்மீது சுமத்த வழியில்லை. பங்கு விழாக்களிலும் பள்ளி விழாக்களிலும் நமக்குப் போர்த்தியவற்றை நாமே கொண்டுபோய் அவரிடம் கொடுத்து, அன்பு செய்ததாக எண்ணித் திரும்பியிருக்கிறோம்.

சுவரலமாரியின் மேல்தட்டில், தண்ணீர் எட்டாத இடத்தில், வெள்ளைத் துணியில் சுற்றிய பொதி ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தோம். நம் குருத்துவ வெள்ளி விழாவுக்கு நாம் எடுத்துத் தந்த பட்டுச் சேலை, மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன்மேல் ஒரு செபமாலை. விழாவன்றும் அதை அவர் உடுத்தவில்லை என்பது அப்போதுதான் நமக்கு நினைவு வந்தது.

"அது இப்போது கட்டுவதற்கில்லை சாமி, நான் புறப்படுகிற அன்றைக்கு" என்றார். நாம் குருப்பட்டம் பெற்ற நாள் முதல் அவர் நம்மைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

நம் குடும்பங்களில் முதியோர் அடக்கத்துக்கென்று சேலை எடுத்து வைப்பது புதிதன்று. எத்தனையோ வீடுகளில் அப்பொதியை நாம் பார்த்திருக்கிறோம். ஆயினும் நாம் கொடுத்ததே அப்பொதியாக இருக்கக் கண்டபோது, பதில் சொல்ல நா எழவில்லை.

அவர் நம்மிடம் கேட்டது வேறொன்றை. "கட்டிலுக்கடியில் என் ஓலைப்பெட்டி இருந்ததே, எங்கே?" என்றார். திருமணத்துக்கு முன், உடன்குடிப் பக்கத்துச் சிற்றூரில், தம் கையால் முடைந்த பெட்டி அது. ஊசி, நூல், பொத்தான், சில்லறைக் காசு, பிள்ளைகளுக்கென்று ஒளித்துவைத்த மிட்டாய் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். சேற்றில் ஊறி நைந்து கிடந்த அதை, இன்னதென்று பாராமல், குப்பையோடு குப்பையாக வெளியே எறிந்தவர் நாமேதாம். சொன்னோம். "சரி, போகட்டும்" என்றார். அதன்பின் அதைப்பற்றிப் பேசவில்லை.

ஆகவே மணப்பாட்டில் ஒரு பெட்டி வாங்கிப் பழி தீர்ப்பது, மற்ற ஊர்களில் நல்லவற்றைச் சேர்ப்பது என்று திட்டமிட்டு, விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும் புறப்பட்டோம். நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் காரில் அழைத்துச் சென்றார். "கைப்பேசியிலேயே வாங்கிவிடலாமே ஃபாதர், வீட்டு வாசலுக்கே வந்துவிடுமே" என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அப்படி வாசலுக்கு வந்தவைதாம் டிரங்குப் பெட்டியில் இருந்தன என்று நாம் சொல்லவில்லை.

பத்தமடை, திருநெல்வேலிக்கு மேற்கே சேரன்மாதேவி போகும் சாலையில் இருக்கிறது. இருபுறமும் வயல், வாய்க்கால், வாழை. ஆற்றங்கரையில் விளையும் கோரைதான் இவ்வூர்ப் பாய்க்கு மூலப்பொருள். பச்சையாக அறுத்த கோரையைக் கீறி உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மறுபடி இழை இழையாகக் கிழிக்கின்றனர். நூலைப் பாவாக நீட்டி, கோரையை ஊடையாகச் செலுத்தி நெய்கின்றனர். பாவின் இழைகள் நெருங்க நெருங்கப் பாய் நயமாகும். 100, 120 என்று அந்நயத்துக்கு எண் சொல்லுகின்றனர். உயர்ந்த பாயைத் துணிபோல மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம். நெய்பவர்களில் பெரும்பாலோர் இசுலாமியக் குடும்பத்துப் பெண்கள். சாதி சமய வேறுபாடின்றி இந்தச் சீமைத் திருமணங்களுக்கு மணமக்கள் பெயர் பொறித்த பாய் அவர்கள் கையிலிருந்துதான் வருகிறது. 1953-இல் இங்கிலாந்து அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் சென்றதை ஊரார் இன்றும் பெருமையோடு சொல்லுகின்றனர்.

நாம் நுழைந்த வீட்டில் தாழ்வாரத்தையே அடைத்துக்கொண்டு தறி கிடந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி தரையில் அமர்ந்து நெய்துகொண்டிருந்தார். உள்ளவற்றில் உயர்ந்ததை எடுக்கச் சொன்னோம். பட்டு விளிம்பு வைத்த செந்நிறப் பாய் ஒன்றை விரித்தார். விரலால் தடவிப் பார்த்தோம். கோரை என்றே தோன்றவில்லை. விலையும் அதற்கேற்றதாகவே இருந்தது. இதுவே போதும், திருச்செந்தூர்ச் சாலையைப் பிடிக்கவேண்டாம் என்றுகூட ஒரு கணம் எண்ணினோம்.

"யாருக்கு?" என்று கேட்டார். சொன்னோம்.

"அவங்க தரையில் உட்கார்ந்து எழும்புவாங்களா?"

நாம் விழித்தோம். தாயார் தரையில் அமர்ந்து ஆறு ஆண்டுகளாகின்றன, முழங்கால் இடங்கொடுப்பதில்லை. ஆண்டுக்குப் பத்துமுறை அவர் வீட்டுக்குப் போகும் நமக்கு இது தெரியாததன்று. பாயைத் தடவிய கைக்குத்தான் தெரியவில்லை. பாய் விற்கும் பெண், விலை உயர்ந்த பாயைத் தாமே சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு மேலும் கேட்டார். கட்டிலில் என்ன மெத்தை? உறை துணியா, ரெக்சினா? ரெக்சின்தான், சுலபமாகத் துடைக்கலாமென்று மருமகள் போட்டிருந்தார். "அதுதான் முதுகு வேகும். எங்க உம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்லி, கட்டில் அகலத்துக்கேற்ற நடுத்தரப் பாய் ஒன்றை எடுத்தார். குஞ்சம் இல்லாதது, இரவில் எழும்போது காலில் சிக்காது என்றார். விலை, முதற்பாயின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையே வாங்கினோம்.

தம் வருமானத்தைத் தாமே குறைத்துக்கொண்ட அப்பெண்மணியைப்பற்றி நம் ஓட்டுநர் இளைஞர் வெகுதூரம் வரை பேசிக்கொண்டு வந்தார். நமக்கோ வேறு எண்ணம். பரிசு வாங்கப் போகிறவர்கள், கடைக்குள் கால் வைக்குமுன் கொடுக்கப்படுபவரின் ஒரு நாளை, அவர் கண்விழிக்கும் நேரம் முதல், மனத்துக்குள் நடந்து பார்க்கவேண்டும். நாம் பொருளைப் பார்த்தோம். அவர் ஆளைப் பார்த்தார், அதுவும் காணாமலே.

திருநெல்வேலியைக் கடந்து, தாமிரபரணியை ஒட்டிக் கிழக்கே இறங்கித் திருச்செந்தூர் வழியாகத் தெற்கே திரும்பினால் நிலமே மாறிவிடுகிறது. செம்மணல் தேரி, கண்ணுக்கெட்டிய தூரம் பனை. குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரி 28-இல், நாட்டின் இரண்டாவது விண்கல ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அதே மண்ணில், இடுப்பில் அரிவாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மனிதர் ஒருவர் பனையின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தார்.

நாம் போனது பதனீர்க் காலம். உடன்குடியை நெருங்கும்போதே காய்ச்சும் மணம் காற்றில் வந்தது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதனீரை, அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சிக் கொதிக்கவிட்டு, பதம் பார்த்துச் சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டி. 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தாயாருக்குப் பிறந்த மண்ணின் மணம் அது. இரண்டு கிலோ வாங்கிவிடுவதென்றே இறங்கினோம்.

ஆனால் அவருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். "கருப்பட்டிதானே! சர்க்கரை உள்ளவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்" என்றார் கடைக்காரர். இதை நம் இல்லங்களிலும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆதலால் சற்று அழுத்தியே எழுதுகிறோம். கருப்பட்டியில் இரும்பு முதலான சத்துக்கள் சிறிதளவு உண்டு. வெள்ளைச் சர்க்கரையைவிட மேலானது என்று சொல்வாரும் உண்டு. எனினும் அதன் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சர்க்கரைப் பொருளே. இரத்தத்தில் சர்க்கரையை அதுவும் ஏற்றும். கருப்பட்டிக் காப்பி என்று நாளுக்கு நான்கு வேளை குடித்துவிட்டுக் கால் புண் ஆறவில்லை என்று வருந்தியவர்களை நாம் மருத்துவமனைக் கட்டில்களில் சந்தித்திருக்கிறோம். மணத்தை மட்டும் நுகர்ந்து, ஒன்றும் வாங்காமல் வண்டியேறினோம். சரியாகச் செய்தோம் என்ற நிறைவும் இருந்தது. அந்நிறைவு மாலைவரை நீடித்தது.

மணப்பாட்டைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்கவேண்டும். கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்று. அதன் உச்சியில் 1581-இல் எழுப்பிய திருச்சிலுவை ஆலயம். குன்றின் பக்கத்தில், 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகப் போற்றப்படும் குகை. செப்டம்பர் 14-ஆம் நாள் திருவிழாவுக்கு, சிறுமியாக இருந்தபோது, தம் தகப்பனார் தோளிலும் மாட்டுவண்டியிலுமாக வந்ததைத் தாயார் பலமுறை சொல்லியிருக்கிறார். குன்றின்மேல் சற்று நேரம் நின்றோம். ஒருபுறம் அலை அடங்கிய நீர், மறுபுறம் இரைச்சல். படகுகள் கரையேறிவிட்டிருந்தன.

இவ்வூர்ப் பெண்களின் கைத்தொழில் பனையோலை முடைதல். விரியாத குருத்தோலையை வெட்டி உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, சீராக வார்ந்து, வேண்டிய நிறத்துக்குச் சாயத்தில் கொதிக்கவைத்துப் பெட்டி, கூடை, தட்டு, விசிறி என முடைகிறார்கள். விற்பனைக்கு வைத்திருந்த இடத்தில் மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். மூடியுள்ள பெட்டிகளைக் காட்டினார். மூடி இறுக்கமாகப் பொருந்திய அழகிய பெட்டி ஒன்றை நாம் எடுத்தபோது, "வயதானவங்களுக்கா? ஒரு கையால் திறந்து பாருங்க சாமி" என்றார். திறக்க வரவில்லை. மூடி தளர்ந்த வேறொன்றைத் தந்தார். மஞ்சளும் சிவப்பும் கலந்தது; கண் மங்கியவர்க்கு நிறம் எடுப்பாக இருக்கவேண்டுமாம்.

பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது, பழைய பெட்டி வெள்ளத்தில் போன கதையைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னோம். தாயாரே முடைந்தது என்றும் சொன்னோம். நாம் எறிந்ததை மட்டும் சொல்லவில்லை. அம்மூதாட்டி பெட்டியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நம்மை ஏறிட்டுப் பார்த்தார்.

"முடையத் தெரிந்தவங்களுக்குப் பெட்டி எதுக்கு சாமி? ஓலை கொண்டுபோங்க."

உள்ளே போய், வார்ந்து பதமாக்கிய ஓலைக் கட்டு ஒன்றை எடுத்துவந்தார். ஈரத்துணியில் சுற்றிவைத்தால் முறியாமல் வளையும் என்றார். நூற்றைம்பது ரூபாய். பெட்டியையும் விட மனமில்லாமல் இரண்டையும் வாங்கிக்கொண்டோம்.

திரும்பும் வழியில் ஆத்தூர். இதன் வெற்றிலையும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டின் இறுதியில் வந்த அந்த வெள்ளத்தில் இங்கே கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் மூழ்கின. மீண்டும் கொடி படர்ந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தோம். ஆனால் வண்டியை நிறுத்தவில்லை. தாயார் பல் போன நாளிலேயே வெற்றிலையை விட்டவர். பாக்கு வாய்ப்புற்றுக்கு வழிகோலுவது என்று மருத்துவ உலகம் சொல்லியும் ஆகிவிட்டது.

இருட்டும் வேளையில் வீடு சேர்ந்தோம். மறுநாள் பிறந்தநாள். சகோதரர் குடும்பத்தார் சூழ்ந்திருக்க, கைப்பேசித் திரையில் அறுவர் முகமும் தெரிய, ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். பாயைக் கட்டிலில் விரித்தவுடன் கையால் அளந்து பார்த்து, "அளவாக இருக்கிறதே, உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தார். ஒரு மூலையை நகத்தால் நெருடி, "இங்கே மடிப்புச் சரியில்லை" என்று தீர்ப்பளித்தார். எஞ்சிய பணத்தில் குளியலறைச் சுவரில் எஃகுக் கைப்பிடிகள் இரண்டு பொருத்த ஏற்பாடு செய்திருப்பதைச் சொன்னோம். "பிறந்தநாள் எனக்கா, சுவருக்கா?" என்றார். திரையில் அறுவரும் சிரித்தார்கள். (கைப்பிடிகள் வந்துவிட்டன. நாள்தோறும் பயன்படுகின்றன. அவற்றைப்பற்றி மட்டும் அவர் இன்றுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.)

ஓலைக் கட்டைக் கடைசியாகக் கொடுத்தோம். வாங்கியவர் பேசவில்லை. ஓர் ஓலையை உருவி, முகர்ந்து, விரலிடுக்கில் வைத்து வளைத்துப் பார்த்தார். பிறகு, "காய்ந்துவிடும், ஈரத்துணி வேண்டும்" என்றார். மருமகள் துண்டு எடுக்க உள்ளே போனார். அதற்குள் அவரே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்த பொதியை எடுத்துத்தரச் சொன்னார். முடிச்சை அவிழ்த்து, வெள்ளைத் துணியை மட்டும் உருவிக்கொண்டு, சேலையைக் கட்டிலில் போட்டார். துணியை நனைத்துப் பிழிந்து ஓலையைச் சுற்றினார். செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சேலையை யாரும் எடுத்து வைக்கச் சொல்லவில்லை. அன்று முழுவதும் அது பாயின்மேல் கிடந்தது.

விரல்கள் முன்போல் இல்லை. முதல் இரண்டு நாள்கள் முடைந்ததையெல்லாம் பிரித்துவிட்டார் என்று சகோதரர் தொலைபேசியில் சொன்னார். மூன்றாம் நாள் பேத்தியை அருகில் இருத்தி, அவள் விரல்களைக்கொண்டு மடிக்கத் தொடங்கினாராம். ஒன்பது நாள்களில் ஒரு சிறு பெட்டி முடிந்தது. நாம் போய்ப் பார்த்தோம், சற்றுக் கோணல், மூடி பொருந்தவில்லை. அதை அவள் பள்ளிப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னும் அறுவருக்கு வேண்டும்; இருக்கும் ஓலை ஒன்றுக்குத்தான் வரும் என்று கணக்குச் சொன்னார் தாயார்.

"வெறும் பெட்டியையா கொடுப்பது சாமி? உடன்குடி வழியாகப் போய்விட்டு, பிள்ளைகளுக்கு ஒரு சிப்பம் கருப்பட்டி வாங்காமல் வந்திருக்கிறீர்களே!"

அடுத்த மாதம் மணப்பாட்டுப் பக்கம் ஒரு திருமணத்துக்குப் போகவேண்டியிருந்தது. இரண்டு கட்டு ஓலை எடுத்துவைக்கும்படி சொல்லி அனுப்பினோம்.